ஒரு நாளில் மலையும் கடலும்: வழிகாட்டி தேவையா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு பூசல் தொடங்கும். மலைக்குப் போவதா, கடலுக்குப் போவதா? அப்பாவுக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். பிள்ளைகளுக்கு மணலும் அலையும் வேண்டும். பாட்டிக்கோ அதிகம் நடக்காமல் இருந்தால் போதும். கெடா மாநிலத்தின் லங்காவித் தீவு இந்தப் பூசலை எளிதில் தீர்த்து வைக்கிறது. அங்கே மலையும் கடலும் அரை மணி நேரப் பயணத் தூரத்தில் அருகருகே இருக்கின்றன. ஆகவேதான் அத்தீவின் சுற்றுலா நிறுவனங்கள் ‘ஒரே நாளில் மலையும் கடலும்’ என்று விளம்பரம் செய்கின்றன. காலையில் விடுதி வாசலுக்கு வேன் வரும். முதலில் கம்பிவட ஊர்தியில் மலையுச்சி, பிறகு பகலுணவு, பிறகு கடற்கரை. மாலையில் அதே வேன் விடுதியில் கொண்டுவந்து இறக்கிவிடும். நுழைவுச் சீட்டு, உணவு, போக்குவரத்து, வழிகாட்டி எல்லாம் கட்டணத்தில் அடக்கம்.

இத்தகைய வழிகாட்டப்பட்ட சுற்றுலா பணத்துக்கும் நேரத்துக்கும் தகுந்ததா என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. தகுந்ததுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால், அதன் தகுதி வேனிலோ உணவிலோ நுழைவுச் சீட்டிலோ இல்லை. விளம்பரத் தாளில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் ‘வழிகாட்டி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் எதிர்ப்போரின் கூற்றைக் கேட்பதே முறை. லங்காவியில் வாடகை மகிழுந்துக்குப் பஞ்சமில்லை. படகுத்துறையிலும் விமான நிலையத்திலும் இறங்கியவுடனே கிடைக்கும். சாலைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. வழியைக் கைப்பேசியே சொல்லிவிடும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு ஒரு கட்டணம் செலுத்துவதைவிட ஒரு மகிழுந்தை வாடகைக்கு எடுப்பது மலிவு. மேலும், கூட்டத்தோடு போனால் கூட்டத்தின் வேகத்தில்தான் போக வேண்டும். பிடித்த இடத்தில் இருபது நிமிடம். பிடிக்காத கடையில் ஒரு மணி நேரம். காமாட் எனப்படும் கடலட்டைத் தைலம் விற்கும் கடை, சாக்லேட் கடை, துணிக்கடை என்று வேன் நிற்கும் இடங்களைக் கண்டால், பயணம் மலைக்கா சந்தைக்கா என்ற ஐயம் வந்துவிடும். ஒருவர் உயர்த்திப் பிடித்த கொடியைப் பார்த்துக்கொண்டே நாற்பது பேர் நடப்பதை ஆட்டு மந்தையோடு ஒப்பிட்டுக் கேலி செய்வோரும் உண்டு.

இக்குறைகளில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் இவை அனைத்தும் மோசமாக நடத்தப்படும் சுற்றுலாவின் குறைகள். சோறு குழைந்துவிட்டது என்பதற்காக யாரும் சோறே வேண்டாம் என்று சொல்வதில்லை. நல்ல வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால் அந்த ஒரு நாள் எப்படி மாறும் என்பதையும் எண்ணிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

லங்காவியின் மேற்குப் பகுதியில் மச்சிஞ்சாங் மலை நிற்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து ஏறும் கம்பிவட ஊர்தி, கடல் மட்டத்திலிருந்து 708 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. காட்டின் பசுமைக்கு மேலே, செங்குத்தான பாறை முகத்தை ஒட்டி அந்தப் பெட்டி ஏறும்போது வாயாடிப் பிள்ளைகளும் சற்று நேரம் அமைதியாகிவிடுவார்கள். உச்சியில் 125 மீட்டர் நீளமுள்ள வளைந்த தொங்குபாலம் ஒன்று உண்டு. ஒற்றைத் தூணிலிருந்து இறங்கும் கம்பிவடங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. வழிகாட்டி இல்லாமல் வரும் குடும்பம் இங்கே என்ன செய்யும்? படம் எடுக்கும், காற்று வாங்கும், தூரத்தில் தெரியும் தீவுகளைச் சுட்டிக்காட்டி ‘அது தாய்லாந்தா?’ என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும், பிறகு இறங்கிவிடும். இதில் தவறில்லை. ஆனால், அந்த மலையைப் பற்றிய மிகப் பெரிய செய்தி அவர்கள் காலுக்கடியிலேயே கிடக்கும். அதை அறியாமலே அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

மச்சிஞ்சாங் மலையே ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது என்பதுதான் அந்தச் செய்தி.

ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, புவியியலார் கேம்பிரியக் காலம் என்று அழைக்கும் அந்தத் தொல்பழங்காலத்தில், ஆறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும் ஆழமற்ற கடலோரத்தில் அடுக்கடுக்காகப் படிந்தன. அப்போது நிலத்தில் மரங்கள் இல்லை, பறவைகள் இல்லை, மனிதனைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வெறுமையான கரையில் அலைகள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. மேலே மேலே படிந்த பாரத்தால் அந்த மணல் இறுகி மணற்பாறையானது. பின்னர்ப் பூமியின் அசைவுகள் அதை உயர்த்திச் சாய்த்தன. இன்று மேகம் உரசும் பாறைகளில் கோடு கோடாகத் தெரிபவை அந்தப் பழைய மணலின் அடுக்குகள். மலேசியாவில் இதைவிடப் பழைய பாறைகளைக் காண்பது அரிது. இத்தகைய நில வரலாற்றைக் கொண்டிருப்பதால்தான் 2007ஆம் ஆண்டில் லங்காவி யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக ஏற்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் அதுவே.

‘அபாங், இந்தக் கல் ஏன் வரி வரியாக இருக்கிறது?’ என்று ஒரு மாணவி மலாய்க்காரரான வழிகாட்டியிடம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வழிகாட்டி உடனே பதில் சொல்லிவிடமாட்டார். கடற்கரைக்குப் போனதும் நினைவூட்டு என்பார். பிற்பகலில் அலை வடிந்த கரையில் ஈர மணலை ஓரிடத்தில் வெட்டிக் காட்டுவார். அங்கேயும் மெல்லிய வரிகள்; ஓர் அலை விட்டுச் சென்றது ஒன்று, அடுத்த அலை விட்டுச் சென்றது இன்னொன்று. காலையில் உச்சியில் கண்டது இதுதான், கல்லாகிவிட்டது, அவ்வளவே என்று அவர் சொல்லும்போது மலையும் கடலும் இரண்டு தனி இடங்களாக இருப்பதை நிறுத்திவிடும். மலையை ஒரு நாளிலும் கடலை இன்னொரு நாளிலும் பார்ப்பவருக்கு இந்த இணைப்பு எளிதில் வாய்ப்பதில்லை. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதற்கு நேரச் சிக்கனத்தைவிட உயர்ந்த காரணம் ஒன்று உண்டு என்றால், அது இதுதான்.

இந்த இணைப்பு மச்சிஞ்சாங்கோடு முடிவதுமில்லை. தீவின் நடுவே 881 மீட்டர் உயரமுள்ள ராயா மலை இருக்கிறது. அது மணற்பாறை அன்று. பூமிக்குள் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவான கருங்கல். அந்தக் கல் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து உதிரும்போது, அதிலுள்ள கறுப்புக் கனிமங்கள் ஓடைகளின் வழியே கடலை அடைகின்றன. வடகரையில் கறுப்பு மணல் கடற்கரை என்று ஓர் இடம் இருப்பதற்கு அதுவே காரணம். அங்கே போகும் பலர், பெயரைக் கேட்டு மை போன்ற கரிய கரையை எதிர்பார்த்து, வெளிர்மணலில் கறுப்புத் திட்டுகளை மட்டும் கண்டு ஏமாந்து திரும்புகிறார்கள். காரணம் தெரிந்தவர் ஏமாறுவதில்லை. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்து, மலையின் துகள் எது, சிப்பியின் துகள் எது என்று பிரித்துப் பார்ப்பார்.

அறிவியலை மட்டும் சொல்லும் வழிகாட்டியும் சலிப்பூட்டுவார் என்பது உண்மை. அதற்குத்தான் கதைகள் இருக்கின்றன. ராயாவும் மச்சிஞ்சாங்கும் முன்பு இரு பூதங்களாம். பிள்ளைகளின் திருமண விருந்தில் இருவருக்கும் சண்டை மூண்டதாம். பானைகள் பறந்தனவாம். பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா. குழம்பு கொட்டிய இடம் குவா. வெந்நீர் சிந்திய இடம் ஆயர் ஹங்காட். மலாய்மொழி அறிந்த மலேசிய மாணவருக்கு இப்பெயர்களைக் கேட்டவுடன் சிரிப்பு வரும். தீவின் முதன்மை நகரத்துக்குக் ‘குழம்பு’ என்று பெயர்! சண்டையை விலக்கப் போன சாவாரும் மலையாகி இருவருக்கும் நடுவே நிற்கிறாராம். ஆயர் ஹங்காட்டில் இன்றும் வெந்நீர் ஊற்று இருக்கிறது என்பதைக் கதையின் முடிவில் சேர்த்துச் சொன்னால், பின் இருக்கையில் தூங்குபவரும் எழுந்துவிடுவார். இணையத்தில் இக்கதை கிடைக்காமல் இல்லை. ஆயினும் குவாவைக் கடந்து, ராயா மலையைச் சன்னல் வழியே பார்த்தபடி, அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் வாயால் கேட்பது வேறு.

வழிகாட்டியின் தேவை கதைக்கும் கல்லுக்கும் மட்டும் உரியதன்று. உயிருக்கும் உரியது. மலையுச்சியில் வானிலை நொடியில் மாறும். பலத்த காற்றோ இடிமின்னலோ வந்தால் கம்பிவட ஊர்தி நிறுத்தப்படும். அப்போது பதறாமல் எங்கே ஒதுங்குவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, அடுத்த இடத்தைக் கைவிடுவதா என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். கடற்கரையிலும் அப்படியே. செனாங் கடற்கரையின் நீர் குளம்போல் அமைதியாகத் தெரியும் நாளிலும் அதில் ஜெல்லி மீன்கள் மிதக்கலாம். அவற்றுள் பெட்டி வடிவ ஜெல்லி மீனின் நஞ்சு மிகக் கொடியது. மலேசியக் கடல்களில் அது உயிர்களைப் பறித்திருக்கிறது. அதன் இழைகள் தோலில் பட்டால் தேய்க்கக் கூடாது. நல்ல நீரால் கழுவவும் கூடாது. வினிகரை ஊற்றி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பு இதைச் சொல்லும் வழிகாட்டி, அன்றைய கட்டணத்தை அந்த ஒரு நிமிடத்திலேயே ஈட்டிவிடுகிறார். பையில் ஒரு புட்டி வினிகர் வைத்திருப்பவர் என்றால் இன்னும் நல்லது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை லங்காவியையும் தொட்டது. கோலத் தெரியாங் மீனவர் கிராமத்தில் வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைப் பாடநூலில் படித்து மறப்பவர்கள், அந்தக் கிராமத்தைக் கடக்கும்போது ஒரு முறை கேட்டால் மறக்கமாட்டார்கள். இதையெல்லாம் சொன்னால் பயணிகள் பயந்துவிடுவார்கள், மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று சில நிறுவனத்தார் கருதுவதுண்டு. பிள்ளைகளை இவ்வளவு மட்டமாக எடைபோட வேண்டியதில்லை.

இனி, வழிகாட்டப்பட்ட சுற்றுலாவின் உண்மையான குறைக்கு வர வேண்டும். அது கூட்டமும் அன்று, கடைகளும் அன்று. மலையும் கடலும் போதாதென்று பல நிறுவனங்கள் கிலிம் பகுதியின் அலையாத்திக் காட்டில் ஒரு படகுப் பயணத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்கின்றன. சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஆறு வளைந்து செல்லும் அந்த இடத்தின் அழகைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அங்கே நீண்ட காலமாக நடந்துவரும் ஒரு காட்சி உண்டு. படகு ஓரிடத்தில் நிற்கும். படகோட்டி கோழித்தோலையும் குடலையும் தண்ணீரில் வீசுவார். சில நொடிகளில் செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்கி, நீரின் மேற்பரப்பிலிருந்து அவற்றைக் கவ்விச் செல்லும். பயணிகள் கைதட்டுவர், கைப்பேசிகள் உயரும்.

செம்பருந்து சாதாரணப் பறவை அன்று. தமிழர்கள் அதைக் கருடன் என்பர். வானில் கண்டால் கைகூப்பும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லங்காவி என்ற பெயரிலேயே கழுகு இருக்கிறது என்பது தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லும் விளக்கம். ‘ஹெலாங்’ என்றால் கழுகு, ‘காவி’ என்றால் செம்பழுப்பு. குவா நகரின் படகுத்துறையில் இறங்குவோரை வரவேற்பதும் ஒரு பெரிய கழுகுச் சிலைதான். அப்படிப்பட்ட பறவை மீனையும் நண்டையும் தேடித் தின்று வாழ வேண்டியது. எலும்பும் சதையும் இல்லாத கொழுப்புத் தோலைத் தின்று பழகினால் அதன் உடல் என்னவாகும்? குஞ்சுகள் வேட்டையாடக் கற்குமா? கோழிக் கழிவு வரும் நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கும் பறவையைக் காட்டுப் பறவை என்று சொல்வதா, சம்பளத்துக்கு நடிக்கும் பறவை என்று சொல்வதா? போதாக்குறைக்கு, விரைந்து செல்லும் படகுகள் எழுப்பும் அலை கரைச் சேற்றை அரித்து, அலையாத்தி மரங்களின் வேர்களை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அந்த மரங்கள்தாம் கடலின் சீற்றத்திலிருந்து கரையைக் காப்பவை; இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர இடம் கொடுப்பவை.

இதற்கு மறுமொழியும் இருக்கிறது. படகோட்டிகளில் பலர் மீனவர் குடும்பத்தினர். பருந்துக் காட்சிதான் பயணிகளை இழுக்கிறது. அதை நிறுத்தினால் வருமானம் போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், அந்த அச்சத்துக்குக் காரணம் படகோட்டிகள் மட்டும் அல்லர். இருக்கையில் அமர்ந்து ‘எங்கே கழுகு? எப்போது போடுவீர்கள்?’ என்று கேட்கும் பயணிகளே முதற்காரணம். கேட்பவர் மாறினால் காட்டுவதும் மாறும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் பருந்து தானாகவே வரும். வராமலும் போகலாம். வந்தால், மீனை நோக்கி அது சரிந்து பாயும் காட்சி கோழித்தோலைக் கவ்வுவதைவிடப் பத்து மடங்கு சிறப்பானது. பதிவு செய்யும்போதே ‘பருந்துக்குத் தீனி போடாத படகு வேண்டும்’ என்று சொல்லும் குடும்பங்கள் பெருகினால், அதையே பெருமையாக விளம்பரப்படுத்தும் படகோட்டிகளும் பெருகுவர். வருமானமும் போகாது.

இங்கேயும் வழிகாட்டியின் இடம் தெளிவாகிறது. படகோட்டியின் பக்கத்தில் நின்று கைதட்டத் தூண்டுபவரும் வழிகாட்டிதான். ‘இன்று தீனி வேண்டாம், காத்திருந்து பார்ப்போம்’ என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். குரங்குகளுக்கு ரொட்டி நீட்டும் சிறுவனின் கையைத் தடுப்பவரும் அவரே. ஆகவே எந்த வழிகாட்டி என்ற கேள்வி விலையைவிடப் பெரியது.

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம் அதை வலியுறுத்துகிறது. உரிம அட்டையில் இரு நிறங்கள் உண்டு. நகரங்களையும் வரலாற்று இடங்களையும் உள்ளடக்கிய பொதுச் சுற்றுலாவை நடத்துபவருக்கு நீல அட்டை. காடு, மலை போன்ற குறிப்பிட்ட இயற்கை இடங்களைக் காட்டுபவருக்குப் பச்சை அட்டை. பயிற்சி பெற்று, தேர்வில் தேறிய பிறகே அட்டை கிடைக்கும். இதை அறிந்த பெற்றோர் மிகக் குறைவு. வேன் ஓட்டுபவரே வழிகாட்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேன் ஓட்டுநர் நல்லவராக இருக்கலாம், நகைச்சுவையாகப் பேசலாம். ஆனால் சாலையில் கண்ணை வைத்துக்கொண்டு மணற்பாறையை விளக்க அவரால் இயலாது. ‘வழிகாட்டி தனியாக வருவாரா? உரிமம் உள்ளவரா? ஒரு குழுவில் எத்தனை பேர்?’ என்று மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேட்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சரியான பதில் சொல்லும் நிறுவனத்தின் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தால் அதைக் கொடுப்பதே நியாயம். மிக மலிவான சுற்றுலாவில் வழிகாட்டியின் ஊதியம் யாரிடமிருந்து வருகிறது? பெரும்பாலும் கடைக்காரர் தரும் தரகுப் பணத்திலிருந்து. கடலட்டைத் தைலக் கடையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருப்பதன் இரகசியம் அதுவே.

அடுத்தது நேரம். இன்றைய ஒரு நாள் சுற்றுலாக்களின் கால அட்டவணையைப் பார்த்தால், அவற்றை வகுத்தவர் கடற்கரைக்குப் போனதே இல்லையோ என்று தோன்றும். மலையைக் காலையில் வைப்பது சரி. பிற்பகலில் மேகம் திரளும். மழைக்காலமான ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இது இன்னும் மிகுதி. வரிசையும் காலையில்தான் குறைவு. ஆனால், மலையிலிருந்து இறங்கியதும் பகல் ஒரு மணிக்கே கடற்கரையில் கொண்டுபோய் விடுவது என்ன முறை? அந்த நேரத்தில் மணல் அடுப்பில் வைத்த ஓட்டைப் போலச் சுடும். பாட்டி குடைக்குள் ஒடுங்கிவிடுவார். பிள்ளைகளின் தோல் சிவந்துவிடும். நான்கு மணிக்கு வெயில் தணிந்து காற்று இனிக்கத் தொடங்கும்போது, வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டி எல்லாரையும் வேனில் ஏற்றிவிடுவார். உண்மையான கடற்கரைப் பொழுது அப்போதுதான் தொடங்குகிறது!

இதைத் திருத்துவது கடினமன்று. மலைக்குப் பிறகு நிழலான இடம் ஒன்று போதும். அடிவாரத்துக்கு அருகிலேயே தெலாகா துஜோ அருவி இருக்கிறது. ஏழு கிணறுகள் என்று பொருள்படும் அதன் பாறைக் குளங்களுக்குப் படியேற முடியாதவர்கள் கீழே அமர்ந்து தண்ணீரின் ஓசையைக் கேட்கலாம். பகலுணவை அவசரமில்லாமல் முடிக்கலாம். கடலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் படகுப் பயணத்துக்கு நேரம் இராது என்பார்கள். இராமல் போகட்டும். ஒரு மலை, ஓர் அருவி, ஒரு கடற்கரை. ஒரு நாளுக்கு அது நிறைவான அளவு. கிலிம் அலையாத்திக் காட்டுக்கு இன்னொரு நாள் போகலாம். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதைத் தரும் தகுதி அந்தக் காட்டுக்கு இருக்கிறது. விளம்பரத் தாளில் இடங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பயணம் சிறக்கும் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். எட்டு இடங்களைக் காட்டும் சுற்றுலா எட்டு வாகன நிறுத்துமிடங்களைக் காட்டுகிறது.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. வழிகாட்டி பேசும்போது காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பவர்கள் இருந்தால், எவ்வளவு கற்றவரும் இரண்டாம் நிறுத்தத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை வேனில் இருந்தால் அந்த வேனின் நாளே மாறும். பெயரைச் சொல்லி வணக்கம் கூறுவது, மலாயிலோ ஆங்கிலத்திலோ தடுமாறியாவது ஒன்றைக் கேட்பது, கேட்டதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது ஆகியவற்றைச் செய்யும் பிள்ளையே குடும்பத்துக்கு இரண்டாவது வழிகாட்டி ஆகிவிடுகிறது. மணற்பாறை, அலையாத்தி, செம்பருந்து முதலிய சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர், அவற்றை நேரில் பார்த்துப் பாட்டியிடம் சொல்ல நேர்ந்தால், அச்சொற்கள் பிறகு எந்தத் தேர்விலும் மறக்கா.

லங்காவியின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்திருக்கிறது. அங்கே கதிரவன் மறைய மாலை ஏழரை மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் செனாங் கடற்கரையில் நீர் வடிந்து, ஈர மணல் வானத்தின் நிறத்தை அப்படியே ஏந்தியிருக்கும்; வடக்கே மச்சிஞ்சாங்கின் முகடுகள் கருநிழலாகத் தெரியும். காலையில் அங்கே நின்றவர்கள் மாலையில் இங்கிருந்து அதைப் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்கு வந்து நிற்கும் வேன் எட்டு மணிக்கு வந்தால் போதும். ஓட்டுநருக்கு அந்த மூன்று மணி நேரத்துக்குரிய கூடுதல் ஊதியத்தைப் பயணிகள் பகிர்ந்துகொள்ளலாம்.